ஊட்டித் தண்ணீர் நூறைத் தொடுவதில்லை

தண்ணீரின் கொதிநிலை என்ன என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட "நூறு டிகிரி" என்று சட்டென்று சொல்லிவிடும். நீலகிரியில் நான் வேதியியல் நடத்திய வருஷங்களில் அங்கேயும் இதே பதில்தான் வரும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டில், திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் ஒருநாளும் நூறு டிகிரியைத் தொட்டதில்லை. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டி வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது.

குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைப்பது மலையில் பெரும்பாடு என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். 1835இல் ஆண்டிஸ் மலையைக் கடந்துபோன சார்லஸ் டார்வினுக்கும் இதே அனுபவம். இரவெல்லாம் கொதித்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகாமல் கிடந்தது. கூட வந்தவர்கள் பானை புதுசு, அதனால்தான் வேகவில்லை என்று பானைமேல் பழியைப் போட்டார்கள் என்று டார்வின் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யார்மேலும் பழி போடவில்லை. பருப்பு வேகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும், கொதிநிலை நூறு என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறது என்பதுதான் தோன்றவில்லை.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நாம் சொல்லிக்கொடுக்கிற வரிசையில்தான் கோளாறு. உருகுநிலை, கொதிநிலை இரண்டையும் பொருளுக்கு ஒரு எண்ணாகச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்யவைத்துவிடுகிறோம். ஆவி அழுத்தம் பிளஸ் ஒன்னுக்கு வந்த பிறகுதான் வருகிறது. அதுவும் கரைசல்கள் பாடத்தில், கரைசலின் ஆவி அழுத்தத்தைப் பற்றிய ரௌல்ட் விதியைச் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டுப் போகிறது. என்னைக் கேட்டால் திரவம், வாயு பற்றிய பாடம் மொத்தத்துக்கும் அதுதான் அச்சாணி. அதை முதலில் சொல்லிவிட்டால் கொதிநிலை தானாகவே புரியும்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே இருக்கிற காற்றை முழுக்க எடுத்துவிட்டு, இறுக்கி மூடியதாக வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்புக்கு வந்தவற்றில் வேகம் கூடியவை மட்டும் பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை அறுத்துக்கொண்டு மேலே தப்பிப் போகும். மேலே கூட்டம் சேரச் சேர, சில மறுபடியும் தண்ணீரில் வந்து விழும். முதலில் போவது அதிகமாகவும் வருவது குறைவாகவும் இருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். அந்த நிலையில் மேலே இருக்கும் ஆவி பாட்டிலின் சுவர்மேல் கொடுக்கிற அழுத்தம்தான் ஆவி அழுத்தம்.

சமநிலை என்றதும் உள்ளே எல்லாம் ஓய்ந்துபோனது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எதுவும் ஓய்வதில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பத்துப் பேர் இறங்கிப் பத்துப் பேர் ஏறுகிற டவுன் பஸ்ஸில் கூட்டம் கூடாமல் குறையாமல் இருக்கிறதே, அப்படித்தான்.

பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் இருந்தாலும் சரி, ஒரு ஸ்பூன் இருந்தாலும் சரி, இந்த அழுத்தம் ஒன்றுதான். பாட்டில் ஒல்லியாக இருந்தாலும் அகலமாக இருந்தாலும் அதேதான். மேற்பரப்பு இரண்டு மடங்கானால் போகிறவையும் இரண்டு மடங்காகும், திரும்பி வருகிறவையும் இரண்டு மடங்காகும். சமநிலை சீக்கிரம் வரும், வந்து நிற்கிற எண் மாறாது. எந்தத் திரவம், என்ன வெப்பநிலை என்ற இரண்டு கேள்விக்கு மட்டும்தான் ஆவி அழுத்தம் கட்டுப்படும். தண்ணீர் என்று முடிவானபின் பாக்கி இருப்பது வெப்பநிலை ஒன்றே.

தண்ணீரின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் 17.5 மில்லிமீட்டர் பாதரசம் (அந்த அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் என்பதுதான் இந்தக் கணக்கு). 30 டிகிரியில் கிட்டத்தட்ட 32. பத்தே டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 60இல் 149, 90இல் 526, 100இல் 760. சூடு ஒரே சீராக ஏற, அழுத்தம் மேலே போகப் போகத் தாவி ஏறுகிறது. தப்பிப் போகிற தெம்புள்ள மூலக்கூறுகள் எப்போதுமே சிறுபான்மைதான். கொஞ்சம் சூடு கூட்டினாலும் அந்தச் சிறுபான்மை மளமளவென்று பெருகிவிடுவதுதான் இந்தத் தாவலுக்குக் காரணம்.

கடைசி எண்ணைப் பார்த்ததும் வகுப்பில் யாராவது பிடித்துவிடுவார்கள். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தமும் 760தானே! அது தற்செயல் இல்லை. சுவீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் தன் அளவுகோலைச் சொன்னபோதே, தண்ணீர் கொதிக்கிற புள்ளி, காற்றழுத்தத்தை அளக்கிற பாரோமீட்டரில் பாதரசம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். (அவர் கொதிப்பதற்குப் பூஜ்யமும் உறைவதற்கு நூறும் வைத்திருந்தார். தலைகீழாக்கியது அவர் காலத்துக்குப் பிறகு.) அந்த எண்ணை உண்டாக்கியவரே நிபந்தனையோடுதான் கொடுத்தார். வகுப்பறைக்கு வரும் வழியில் நிபந்தனை உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது.

இதைக் கையால் தொட்டு உணர ஒரு வழி இருக்கிறது. நான் எந்த வகுப்பிலும் தவறவிடாத சோதனை இது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற 20 மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாமல். முனையை அடைக்க ஒரு ரப்பர் மூடி. 60, 70 டிகிரிக்குள் வெந்நீர், அதாவது கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதியின் பக்கத்தில்கூட இல்லாத சூடு. ஒரு தடவை கொதிக்கவைத்து ஆறவிட்டு மறுபடி சூடாக்கின தண்ணீராக இருந்தால் நல்லது, கரைந்திருக்கும் காற்று முன்னாலேயே போயிருக்கும். ஐந்து மில்லி உறிஞ்சிக்கொண்டு, முனையை மேலே பார்க்கவைத்து விரலால் தட்டி, உள்ளே இருக்கிற காற்றுக் குமிழை வெளியே தள்ளிவிட வேண்டும். முனையை அடைத்துவிட்டுத் தண்டைப் பின்னால் இழுக்க வேண்டும்.

தண்டு முதலில் வர மறுக்கும். பலமாக இழுத்ததும் உள்ளே தண்ணீர் குபுகுபுவென்று கொதிக்கும், அடுப்பில் கொதிப்பதைப் போலவே. விட்டால் தண்டு 'டப்' என்று பழைய இடத்துக்கே ஓடிவிடும். கொதித்த ஆவி அந்தக் கணமே தண்ணீராகிவிட்டது. முனையில் பொடிக் குமிழ் ஒன்று மிச்சம் இருக்கும். அது எஞ்சியிருந்த காற்று, அதற்கு ஆவியைப்போல் தண்ணீராக மாறத் தெரியாது.

"மிஸ், சூடே பண்ணலையே!" என்று முதல் தடவை பார்க்கிற பிள்ளை கத்தும். சூடு பண்ணவில்லைதான். மேலே இருந்து அழுத்திக்கொண்டிருந்த காற்றை விலக்கினோம், அவ்வளவுதான். 60 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 149. வெளி அழுத்தத்தை அந்த அளவுக்கு இறக்கிவிட்டால் 60 டிகிரியே அதன் கொதிநிலை.

எல்லாரும் கொதிப்பதைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியம், இழுக்கிற கைக்குத் தெரிகிற விஷயம். சிரிஞ்சின் உட்குறுக்குப் பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். வெளிக்காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை கணக்கில் தண்டை உள்ளே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் ஆவி அதில் ஐந்தில் ஒரு பங்கு பலத்தோடு வெளியே தள்ளுகிறது. பாக்கி இரண்டரை கிலோவுக்கு நாம் இழுக்க வேண்டும். எட்டு மில்லி கோட்டில் நிறுத்தினாலும் அதே இரண்டரை கிலோதான், பதினாறு மில்லி வரை இழுத்தாலும் அதேதான். தூரம் கூடக் கூட இழுவை கூடவே இல்லை! நாம் இடம் கொடுக்கக் கொடுக்கத் தண்ணீர் தன்னிடமிருந்து மூலக்கூறுகளை அனுப்பி நிரப்பிக்கொண்டே இருக்கிறது, அழுத்தத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

இதையே தண்ணீர் இல்லாமல், ஐந்து மில்லி காற்றை மட்டும் அடைத்துச் செய்தால் கை வேறு கதை சொல்லும். முதலில் சுலபமாக வரும், போகப் போகக் கனக்கும். இடம் கூடக் கூட வாயுவின் அழுத்தம் குறையும் என்கிற பாயில் விதி அது. காற்றுக்குக் கைவசம் சரக்கு இல்லை, இருக்கிறதைத்தான் பரத்திக்கொள்ள வேண்டும். இரண்டு சிரிஞ்சையும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு, ஆவி அழுத்தம் கொள்ளளவைப் பொறுத்ததல்ல என்ற வரியை எழுதிப்போட வேண்டிய அவசியமே இருக்காது.

மான்செஸ்டரில் ஜான் டால்டன் 1801 வாக்கில் செய்ததும் அடிப்படையில் இதுதான். பாரோமீட்டர் குழாயில் பாதரசத்துக்கு மேலே வெற்றிடம் இருக்கும். அதற்குள் சில துளி தண்ணீரை ஏற்றினார். பாதரசம் கொஞ்சம் கீழே இறங்கியது. இறங்கிய அளவே அந்த வெப்பநிலையில் தண்ணீரின் ஆவி அழுத்தம். இப்படி ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அளந்து பட்டியல் போட்டார். அணுக்கொள்கைக்காக நாம் அறிந்த டால்டன், அதற்கு முன்னால் ஈரக்காற்றிலும் ஆவியிலும்தான் மூழ்கிக் கிடந்தார். கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தத்தைத் தனித்தனியே கொடுக்கும் என்கிற பகுதி அழுத்த விதியும் அந்த வேலையில் பிறந்ததுதான்.

சரி, இப்போது கொதிப்பதற்கு வருவோம். ஆவியாவது எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் நடந்துகொண்டே இருக்கும். கொதிப்பது என்றால் தண்ணீரின் உள்ளேயே ஆவிக்குமிழ் பிறந்து உயிரோடு மேலே வருவது. குமிழுக்குள் இருப்பது வெறும் தண்ணீர் ஆவி. வெளியே காற்று அதை நசுக்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் ஆவி அழுத்தம் வெளி அழுத்தத்தை எட்டாத வரை குமிழ் பிழைக்காது. எட்டிவிட்டால் பிழைக்கும். கொதிநிலை என்பதன் முழு அர்த்தமும் இவ்வளவுதான்.

அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற பொடிக் குமிழ்கள் கரைந்திருந்த காற்று. அப்புறம் பாத்திரம் உஸ்ஸென்று இரைய ஆரம்பிக்கும். அடியில் சூடு அதிகம் என்பதால் அங்கே ஆவிக்குமிழ் பிறந்துவிடுகிறது. மேலே இன்னும் ஆறின தண்ணீர், அதில் ஏறியதும் உள்ளே இருக்கும் ஆவி தண்ணீராகிக் குமிழ் சட்டென்று நசுங்குகிறது. ஆயிரக்கணக்கான குமிழ்கள் நசுங்குகிற சத்தம்தான் அந்த இரைச்சல். தண்ணீர் முழுக்க ஒரே சூட்டுக்கு வந்ததும் குமிழ்கள் நசுங்காமல் மேலே வந்து உடையும், இரைச்சல் அடங்கிக் கொதிக்கும் சத்தம் மாறிவிடும். காபிக்குத் தண்ணீர் வைக்கிறவர்களுக்கு இந்தச் சத்த வித்தியாசம் பார்க்காமலேயே தெரியும்.

அதற்குப் பிறகு தெர்மாமீட்டர் நகராது. உள்ளே போகிற சூடெல்லாம் மூலக்கூறுகளைப் பிரித்து அனுப்பவே செலவாகிறது. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோகச் சுமார் 293 ஜூல் போதும். அதே கிராமை 100 டிகிரியிலேயே ஆவியாக்க 2,257 ஜூல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு. இந்த மறைந்துகிடக்கும் வெப்பத்தை, அதாவது உள்ளுறை வெப்பத்தை, 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் கண்டுபிடித்தார். அதுவரை தண்ணீர் கொதிநிலையை எட்டியதும் இன்னும் கொஞ்சம் சூடு போனால் மொத்தமும் ஒரேயடியாக ஆவியாகிவிட வேண்டும் என்பதுதான் கணக்காக இருந்தது. அப்படி இருந்திருந்தால் எந்தச் சமையலறையும் தாங்கியிருக்காது.

கொதிநிலை உயரத்தோடு மாறுவது சமையலுக்குத் தொந்தரவு. ஒருவர் அதையே ஒரு கருவியாக்கினார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதே இல்லை. நயின் சிங் ராவத், குமாவுன் மலையில் மிலம் கிராமத்துக்காரர், பள்ளி ஆசிரியர். திபெத்துக்குள் வெளிநாட்டவர் போக முடியாமல் இருந்த காலம் அது. பிரிட்டிஷ் நில அளவைத் துறை அவரை டேராடூனில் பயிற்சி கொடுத்து அனுப்பியது. 1865இல் கிளம்பி, நேபாளம் வழியாக, யாத்ரீகர் வேஷத்தில் நடந்து, 1866 ஜனவரியில் லாசாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் நூறு மணி. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளித் தூரத்தைக் கணக்கு வைத்தார். குறிப்புகளை மந்திரச் சக்கரத்துக்குள் சுருட்டி ஒளித்துவைத்தார்.

உயரத்தை அளக்கப் பாரோமீட்டர் வேண்டும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயை யாத்ரீகர் எங்கே ஒளிப்பார்? அவரிடம் இருந்தது ஒரு தெர்மாமீட்டர்தான். தங்குகிற இடத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பநிலையைப் பார்த்துக்கொள்வார். டீக்குத் தண்ணீர் வைக்கிறவரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். லாசாவின் உயரம் முதன்முதலாகத் தெரியவந்தது இப்படித்தான். பத்தில் ஒரு டிகிரி பிசகினால் முப்பது மீட்டர் பிசகிவிடும் என்கிற வேலையை, கடுங்குளிரில், பிடிபட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்ற நிலையில் அவர் செய்தார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. ஒரு பள்ளி ஆசிரியர், கொதிக்கிற தண்ணீரை வைத்து இமயத்தின் மறுபக்கத்தை அளந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆவி அழுத்தப் பாடத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

அவர் போனது அழுத்தம் குறைகிற உயரத்துக்கு. எதிர்த்திசையில், அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போனால் குக்கர். 1679இல் டெனி பாபேன் என்ற பிரெஞ்சுக்காரர் இறுக்கி மூடிய பாத்திரத்தில் எலும்பையே மெத்தென்று வேகவைத்துக் காட்டினார். அது வெடிக்காமல் இருக்க வால்வையும் அவரே கண்டுபிடித்தார். நம் குக்கரின் வெயிட் அந்த வால்வின் வாரிசு. வெளிக்காற்றின் மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேர்ந்தால்தான் ஆவியால் வெயிட்டைத் தூக்க முடியும். தண்ணீரின் ஆவி அழுத்தம் அந்த இரண்டு மடங்கை எட்டுவது 120 டிகிரி வாக்கில். எனவே உள்ளே 120. விசில் வந்துகொண்டிருக்கும்போது அடுப்பைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் வேகும் என்று நினைத்தால், வேகாது. வெயிட் தூக்கிய பிறகு கூடுதல் சூடெல்லாம் கூடுதல் ஆவியாக வெளியே போகும், கேஸ்தான் வீண். ஊட்டியில் அதே குக்கர், அதே வெயிட் 116, 117 டிகிரியைத்தான் கொடுக்கும். வெயிட் சேர்க்கும் அழுத்தம் மாறாது, அடியில் இருக்கும் காற்றின் அழுத்தம் குறைவு. ஆனாலும் 93க்கும் 117க்கும் எவ்வளவு வித்தியாசம்!

குக்கரைக் குழாயடியில் காட்டினால் உள்ளே கடகடவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். மேலே இருக்கிற ஆவி குளிர்ந்து அழுத்தம் இறங்குகிறது. 120 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீருக்கு அந்த இறங்கிய அழுத்தத்தில் இருப்புக்கொள்வதில்லை. குளிரவைத்துக் கொதிக்கவைக்கிறோம். அழுத்தம் முழுக்க இறங்காமல் மூடியைத் திறந்தால் இதுவே ஒரே நொடியில், முழு வேகத்தில் நடக்கும். கொதிக்கிற சாம்பார் மேலே அடித்துத் தோல் வெந்துபோகும் விபத்துகளுக்குக் காரணம் இதுதான். இதைப் பாடமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. வீட்டில் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவிடுவேன்.

குக்கருக்குப் பக்கத்திலேயே ஆவி அழுத்தத்தின் இன்னொரு நல்ல பாடம் நிற்கிறது, 14.2 கிலோ கேஸ் சிலிண்டர். உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம், புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. நாம் எரிப்பது அதன் ஆவியை. எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி நிரப்பிக்கொண்டே இருப்பதால், சிலிண்டர் பாதி காலியானாலும் அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். (புரொப்பேன் கொஞ்சம் முந்திக்கொண்டு போவதால் லேசான மாற்றம் உண்டு.) அடுப்பு முதல் நாள் எரிந்த மாதிரியே எரிந்துகொண்டிருக்கும். கடைசித் திரவமும் தீர்ந்த பிறகுதான் சுடர் சிறுத்து, ராத்திரி சப்பாத்தி நேரத்தில் நின்றுபோகும். முன்னறிவிப்பே கிடைக்காது, ஏனென்றால் அழுத்தத்துக்கு அளவு தெரியாது.

அளவு தெரிந்துகொள்ள நம் வீடுகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், மேல்பக்கம் உலர்ந்திருக்கும், கீழே ஒரு கோட்டுக்குக் கீழ் ஈரம் மிச்சமிருக்கும். அந்தக் கோடுதான் திரவ மட்டம். ஆவியாகும் திரவம் தன் சூட்டையே எடுத்துக்கொண்டு போவதால் அது குளிர்ந்திருக்கும், அதோடு வெறும் ஆவியைவிடத் திரவத்தைச் சூடேற்றுவது கடினம். அதை ஒட்டிய தகடும் சீக்கிரம் சூடாகாது, ஈரம் தங்கும். யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, உள்ளுறை வெப்பத்துக்கு இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு எனக்குத் தெரியாது.

வேர்வையும் இதே கணக்குதான். மதுரையில் 40 டிகிரியைப் பொறுத்துக்கொள்கிறவர் சென்னையில் 35க்கே திணறிப்போகிறார். உடம்பின் தோல் 35 டிகிரி என்றால் அதிலிருக்கும் ஈரத்தின் ஆவி அழுத்தம் 42 மில்லிமீட்டர். சென்னைக் காற்று 35 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால் அதில் ஏற்கெனவே 29, 30 மில்லிமீட்டர் ஆவி இருக்கிறது. மதுரைக் காற்று 40 டிகிரியில் 30 சதவீதம் என்றால் 16, 17தான். தோலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் சென்னையில் 12, மதுரையில் 25. வேர்வை உலர்கிற வேகம் இந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் போகும். உலர்கிற ஒவ்வொரு கிராமும் 2,400 ஜூலுக்கு மேல் எடுத்துக்கொண்டு போகிறது. சென்னையில் வேர்வை உலராமல் வழிகிறது, வழிகிற வேர்வையால் பிரயோஜனம் இல்லை. ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை, தோலை ஒட்டித் தேங்கிய ஈரக்காற்றைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே.

திடப்பொருளுக்கும் ஆவி அழுத்தம் உண்டு. சூடம் வைத்த டப்பாவைப் பல நாள் கழித்துத் திறந்தால் மூடியின் உள்பக்கம் மினுமினுவென்று படிகம் ஒட்டியிருக்கும். பாச்சை உருண்டை அலமாரியில் கரைந்துபோவதும் அதனால்தான். ஐஸுக்கும் உண்டு. 0.01 டிகிரியில் ஐஸ், தண்ணீர் இரண்டின் ஆவி அழுத்தமும் ஒன்றாகி 4.58 மில்லிமீட்டரில் சந்திக்கின்றன, ஐஸ், தண்ணீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கிற மும்மைப் புள்ளி அதுதான். வெளி அழுத்தம் அதற்கும் கீழே போனால் ஐஸ் தண்ணீராகாமல் நேரே ஆவியாகும். கார்பன் டை ஆக்சைடுக்கு அந்தப் புள்ளியே 5.1 வளிமண்டல அழுத்தத்தில், அதாவது கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல் 5.1 மடங்கில், இருக்கிறது. அதனால்தான் உலர்பனி, அதாவது திடமான கார்பன் டை ஆக்சைடு, நம் மேஜைமேல் ஈரமாகாமலேயே காணாமல் போகிறது.

அந்தக் கார்பன் டை ஆக்சைடை வைத்துத்தான் கடைசிக் கேள்வியைக் கேட்பேன். வேதியியல் ஆய்வகத்துக்கு வெளியே இரண்டு தீயணைப்பான் மாட்டியிருக்கும். பவுடர் வகையில் பச்சை, சிவப்பு போட்ட மீட்டர் இருக்கும். கறுப்புக் குழல் வைத்த கார்பன் டை ஆக்சைடு வகையில் மீட்டரே இருக்காது. ஏன்?

பாடம் மனதில் இறங்கியிருந்தால் பதில் சீக்கிரம் வரும். உள்ளே திரவம் இருக்கிறது, 20 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் சுமார் 57 வளிமண்டலம். பாதி தீர்ந்தாலும் மீட்டர் அதே 57ஐத்தான் காட்டும், அதை நம்பினால் ஏமாந்துபோவோம். "எடை போட்டுத்தான் பாக்கணும் மிஸ்." ஆமாம், எடைபோட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

ஒரு வருஷம் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் விடவில்லை. "மே மாசமும் அப்படித்தானா மிஸ்?" என்றான். இவ்வளவு நல்ல கேள்வி என் வகுப்பில் அதிகம் வந்ததில்லை. கார்பன் டை ஆக்சைடின் ஆவி அழுத்தக் கோடு முடிவில்லாமல் மேலே போவதில்லை. 31 டிகிரியில், சுமார் 73 வளிமண்டலத்தில் நின்றுவிடுகிறது. சூடேற ஏறத் திரவத்தின் அடர்த்தி குறைந்துகொண்டே வரும், ஆவியின் அடர்த்தி கூடிக்கொண்டே வரும். அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகி, நடுவில் இருந்த மேற்பரப்பே இல்லாமல் போய்விடும். 1822இல் பிரான்ஸில் கான்யார் த லா தூர் என்பவர், மூடிய துப்பாக்கிக் குழாய்க்குள் திரவத்தையும் ஒரு கல் உருண்டையையும் அடைத்துச் சூடேற்றி, உருட்டி உருட்டிக் காதால் கேட்டார். ஒரு சூட்டுக்கு மேல் திரவம் தளும்பும் சத்தம் நின்றுபோனது. 1869இல் பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை அளந்து அதற்கு நிலைமாறு புள்ளி என்று பெயர் கொடுத்தார். தண்ணீருக்கு அது 374 டிகிரி, 218 வளிமண்டலம்.

சென்னை மே மாதத்தில் வராந்தா 31 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அப்போது அந்தச் சிலிண்டருக்குள் திரவம் என்று ஒன்று இல்லை, ஆவி என்றும் இல்லை. அடைத்துவைத்த அளவு எவ்வளவோ அதற்கேற்பத்தான் அழுத்தம் நிற்கும், தீரத் தீர இறங்கும். பையனிடம் அப்படித்தான் சொன்னேன். "அப்போ மே மாசத்துல மட்டும் மீட்டர் வெச்சா வேலை செய்யும்" என்றான். செய்யும், ஆனால் ஒவ்வொரு டிகிரிக்கும் எண் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் மாட்ட வேண்டும் என்றேன். அவன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.